நாஷுவா சித்தப்பாவுக்கு: 2028 இன்னும் முடிவாகவில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தீபாவளியன்று போனில், "2028-இல் வான்ஸும் நியூசமும்தான். எல்லாம் முடிவான கதை. பிரைமரிக்கு வேறு போய் எதற்குக் குளிரில் நிற்கணும்?" என்று சொன்னீர்கள். குடியரசுக் கட்சிக்குத் துணை அதிபர் வான்ஸ், ஜனநாயகக் கட்சிக்குக் கலிபோர்னியாவின் நியூசம், அதனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட்டுப் பயனில்லை என்பது உங்கள் கணக்கு. பேச்சு அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. குடியுரிமை வாங்கியபிறகு நீங்கள் ஓட்டுப் போடப்போகும் முதல் அதிபர் தேர்தல் அது. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ அதை முடித்துவிட்டார்கள் என்று நீங்கள் நம்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடும்பக் குழுவில் போடாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே பேச்சை இப்போது தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற எல்லா இடத்திலும் கேட்கிறேன்.

எங்கள் நியூ ஜெர்சிக்காரர் யாராவது இப்படிச் சொன்னால் எனக்குப் புரியும். எங்களுக்கு பிரைமரி ஜூன் மாதம். பெரும்பாலான தடவை அதற்குள் மற்ற வேட்பாளர்கள் எல்லாம் விலகிப் போயிருப்பார்கள். நாங்கள் போய்ச் சம்பிரதாயத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருவோம். ஆனால் நீங்கள் இருக்கிற நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஊர். வேறு எந்த மாநிலமும் இதே மாதிரி பிரைமரி வைத்தால், அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் நம்முடையது நடக்க வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிற மாநிலம். 2024-இல் ஜனநாயகக் கட்சித் தலைமை தெற்கு கரோலினாதான் முதலில் என்று முடிவு செய்தது. உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. ஜனவரி 23-ஆம் தேதியே நடத்தினார்கள். பைடன் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. இருந்தும் அவர் பெயரைக் கையால் எழுதி ஜெயிக்க வைத்தார்கள். 2028-க்கான வரிசையை, இதை எழுதும்வரை, அந்தக் கட்சி அறிவிக்கவில்லை. எந்த மாநிலம் முதலில் என்பதே தெரியாதபோது யார் ஜெயிப்பார் என்பது எப்படித் தெரியும்?

சரி, பழைய கணிப்புகள் என்ன ஆயின என்று பார்ப்போம். 2013-இல் எல்லோரும் 2016-ஐப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் டைம் இதழ் மார்கோ ரூபியோவை அட்டையில் போட்டு, குடியரசுக் கட்சியின் இரட்சகர் என்றது. அப்போது எங்கள் ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டியின் பெயரும் பலமாக அடிபட்டது. அப்புறம் ஜெப் புஷ் வந்தார். அவருக்காக ஏற்பட்ட ஒரு அமைப்பு 2015-இன் முதல் ஆறு மாதத்திலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கிறிஸ்டி நியூ ஹாம்ப்ஷயர் முடிவு வந்த மறுநாள் விலகினார். புஷ் தெற்கு கரோலினா முடிவு வந்த இரவு விலகினார். வேட்பாளர் ஆனவர், 2013-இன் பேச்சில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத டொனால்ட் டிரம்ப்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை உங்கள் மாநிலத்திலேயே நடந்தது. 2007. குடியரசுக் கட்சியில் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளில் மாதக்கணக்காக முதலிடத்தில் இருந்தார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அவர் பெயர் தெரியாத வீடே கிடையாது. ஜான் மெக்கெய்னின் நிலைமை அதற்கு நேர்மாறு. ஜூலையில் அவர் பிரச்சாரக் கையிருப்பு கரைந்துபோனது, ஆட்களைக் கொத்தாக வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, பிரச்சார மேலாளரே வெளியேறினார். அவர் கதை முடிந்தது என்றுதான் பத்திரிகைகள் எழுதின. எழுபது வயசைத் தாண்டியவர், தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சாதாரண விமானத்தில் நியூ ஹாம்ப்ஷயர் வந்து இறங்கினார். ஊர் ஊராக டவுன் ஹால் கூட்டம் போட்டார், நூற்றுக்கும் மேல். ஈராக் போர் மக்களுக்குக் கசந்துபோயிருந்த நேரம். இன்னும் படை அனுப்ப வேண்டும் என்கிற தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எதிர்த்துக் கேட்டவர்களுக்கு நின்று பதில் சொன்னார். அவருடைய போர்க் கொள்கையை நான் ஏற்றவள் இல்லை. ஆனால் கேள்வி கேட்க வருகிறவர் முன்னால் அப்படி நிற்பதை மதிக்காமல் இருக்க முடியாது. 2008 ஜனவரி 8-ஆம் தேதி அவருக்கு 37 சதவீதம், மிட் ராம்னிக்கு 32. ஜூலியானி நாலாவது இடம். அந்த மாதக் கடைசியில் புளோரிடாவில் மூன்றாவதாக வந்ததும் அவர் விலகிவிட்டார்.

அந்த ஜனவரி 8-ஆம் தேதியே ஜனநாயகக் கட்சிப் பக்கமும் கடைசி நேரக் கணிப்புகள் பொய்த்தன. பிரைமரிக்குப் பதிலாகக் கட்சிக் கூட்டம் நடத்துவதால் உங்களுக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்ட அயோவாவில் ஜெயித்த ஒபாமாதான் அங்கேயும் முன்னணி என்றார்கள். ஹிலாரி சுமார் 7,500 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் எடுத்த கணிப்பே தவறும்போது, மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுப்பதை வைத்து நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

கணிப்புகள் சரியாகப் போனதும் உண்டு, அதை மறைக்கவில்லை. 2000-இல் ஜார்ஜ் புஷ், 2016-இல் ஹிலாரி, 2024-இல் டிரம்ப், மூவரும் ஆரம்பத்தில் முன்னால் இருந்து அப்படியே வேட்பாளர் ஆனவர்கள். இதிலும் 2000-இல் புஷ் நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கெய்னிடம் 18 புள்ளிக்கு மேல் தோற்றார், அதற்கப்புறம்தான் சுதாரித்துக்கொண்டார். உங்கள் மாநிலத்தின் முடிவுதான் கடைசி முடிவு என்றும் சொல்லமாட்டேன். 2020-இல் பைடன் அங்கே ஐந்தாவது இடம். ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் தெற்கு கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார். பிப்ரவரி 29-ஆம் தேதி அங்கே ஜெயித்தபிறகு மூன்றே நாளில் போட்டியின் முகமே மாறிவிட்டது.

ஆரம்பக் கருத்துக்கணிப்பு உண்மையில் எதை அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாருடைய பெயர் நமக்குப் பழக்கம் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. அதோடு நின்றால் பாதகமில்லை. நன்கொடை கொடுக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள், பணம் வந்தவருக்கு ஆட்கள் சேருகிறார்கள், ஆட்கள் சேர்ந்தவரைப் பற்றி டிவியில் பேசுகிறார்கள், அதனால் அடுத்த கணிப்பில் எண் இன்னும் ஏறுகிறது. 2019-இல் ஜனநாயகக் கட்சி இதை விதியாகவே வைத்தது. ஜூன் மாத முதல் விவாத மேடைக்கு மூன்று கணிப்புகளில் 1 சதவீதம், அல்லது 65,000 நன்கொடையாளர்கள் இருந்தால் போதும். அப்புறம் இரண்டும் வேண்டும் என்றார்கள், படிப்படியாக வாசலை உயர்த்திக்கொண்டே போனார்கள்.

எங்கள் செனட்டர் கோரி புக்கர் அதில்தான் மாட்டிக்கொண்டார். நியூவர்க் மேயராக இருந்து வந்தவர், சிறைச் சீர்திருத்தத்துக்காக 2018-இல் இரண்டு கட்சியையும் சேர்த்துச் சட்டம் கொண்டுவர உழைத்தவர். டிசம்பர் விவாதத்துக்கு நன்கொடையாளர் எண்ணிக்கை அவரிடம் போதுமான அளவு இருந்தது. கணிப்பு எண் இல்லை. மேடையில் இடம் கிடைக்கவில்லை. 2020 ஜனவரி 13-ஆம் தேதி விலகினார், அயோவாவில் முதல் ஓட்டு விழுவதற்கு மூன்று வாரம் முன்னால். ஒரு மாநிலத்தின் வாக்காளர்கூட அவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. அவர் ஜெயித்திருப்பார் என்று சொல்லவில்லை. தோற்பதாக இருந்தால் ஓட்டில் தோற்றிருக்க வேண்டும்.

கமலா ஹாரிஸை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் அத்தனை பெரிய கூட்டத்தோடு தொடங்கியபோது சித்தி அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தின் படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். அந்த வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி அவரும் ஒரு ஓட்டைக்கூடச் சந்திக்காமல் விலகினார். எட்டு மாதத்தில் துணை அதிபர் வேட்பாளர். 2024 ஜூலை 21-ஆம் தேதி பைடன் விலகியதும், பிரைமரியே இல்லாமல் அதிபர் வேட்பாளர். இந்தப் பாதையை 2019-இல் யார் வரைந்து காட்டியிருக்க முடியும்?

இப்போது உங்கள் இரண்டு பெயருக்கு வருகிறேன். வான்ஸ் பற்றிய ஊகத்துக்குக் கொஞ்சம் அடிப்படை இருக்கிறது. டிரம்ப் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் இடம் கொடுக்காது. பதவியில் இருக்கும் துணை அதிபருக்குக் கட்சியின் வேட்பாளர் ஆவது எளிது. நிக்சன், ஹம்ஃப்ரி, மூத்த புஷ், கோர், ஹாரிஸ் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அந்த ஐந்து பேரில் அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் 1988-இல் மூத்த புஷ் ஒருவரே. அவருக்கு முன்னால் அப்படி ஜெயித்தவரைத் தேடினால் 1836-க்குப் போக வேண்டும். நியூசம் விஷயத்தில் அந்த அளவு அடிப்படைகூட எனக்குத் தெரியவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே ஷபிரோ, விட்மர், பிரிட்ஸ்கர், புட்டிஜெஜ், ஒகாசியோ-கோர்டெஸ் என்று ஒரு வரிசையே இருக்கிறது. புட்டிஜெஜ் யார் என்று 2018-இல் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது அவர், உங்கள் நாஷுவாவைவிடக் கொஞ்சம்தான் பெரிய சவுத் பெண்ட் என்ற ஊரின் மேயர். 2020-இல் உங்கள் மாநிலத்தில் சாண்டர்ஸிடம் சுமார் 4,000 ஓட்டில்தான் முதலிடத்தைத் தவறவிட்டார். அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது! உங்கள் பேட்டையின் நாலு தெருவும் ரெண்டு அடுக்குமாடிக் குடியிருப்பும் சேர்ந்தால் அதில் ஒரு பங்கை மாற்றிவிடலாம்.

இவர்கள் உங்களைத் தேடி வர ஆரம்பித்தாயிற்று, சித்தப்பா. 2025 ஏப்ரலில் பிரிட்ஸ்கர் மான்செஸ்டரில் கட்சி விருந்தில் பேசிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு வருஷத்தில் உங்கள் ஊர் நூலகத்துக்கும் ஓட்டலுக்கும் ஒவ்வொருவராக வருவார்கள். யார் முன்னணி என்று கேட்கிற இடத்தில் நீங்கள் இல்லை. முன்னால் நின்று கேள்வி கேட்கிற இடத்தில் இருக்கிறீர்கள். கிரீன் கார்டுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற 1990-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆபீஸ் பையன்கள் இன்றைக்கும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த 7 சதவீதத்தை என்ன செய்வீர்கள் என்று வான்ஸ் வந்தாலும் கேளுங்கள், நியூசம் வந்தாலும் கேளுங்கள், பெயர் தெரியாத ஒரு ஆளுநர் வந்தாலும் கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு முடிவு பண்ணுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யவில்லை என்று சித்தி சொன்னார். அதனால் ஓட்டுரிமை போய்விடாது. கட்சி சாராதவராகப் பதிந்திருக்கிறவர் நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி அன்று வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஓட்டுப் போட்டுவிட்டு அங்கேயே மறுபடி கட்சி சாராதவராக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அதற்கு முன்னால் 2026 இருக்கிறது. உங்கள் செனட்டர் ஜீன் ஷஹீன் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார், ஆகவே அந்த செனட் இடத்துக்குப் புது ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான பிரைமரி செப்டம்பரில், தேர்தல் நவம்பரில். நீதிபதிகளை உறுதி செய்வது செனட்டின் கையில், அந்தக் கிரீன் கார்டு சட்டத்தை மாற்றுவதானாலும் செனட்டின் ஒப்புதல் வேண்டும். யார் யார் நிற்கிறார்கள் என்று நீங்களும் சித்தியும் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள். அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்