வீகன் உணவும் தொழிலாளர் உரிமையும்: விடுபட்டுப்போகும் சில விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீகன் வாழ்முறை, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாமலும் பயன்படுத்தாமலும் வாழ்வது, பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் விலங்குகளின் துன்பத்தோடும் உடல் எடையோடும் நின்றுவிடுகின்றன. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் இறைச்சி, பால், மீன், தோல் என்று எதை எடுத்தாலும் அதன் பின்னால் மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களின் மணிக்கட்டும் நுரையீரலும் கடவுச்சீட்டும் நிலமும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. சத்துணவிலும் தொழிலாளர் நலத்திலும் பணிபுரிபவர்கள் என்ற முறையில் அதைப் பற்றியே எழுதுகிறோம். வீகனாக மாறிய மறுநாளே மனித உரிமை காக்கப்பட்டுவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. எந்த இடத்தில் அது உண்மையாகவே உதவுகிறது, எந்த இடத்தில் அதே சுரண்டல் வேறு பொட்டலத்தில் வந்து சேர்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பயன்படும்.

முதலில் இறைச்சிக்கூடம். பெரிய ஆலைகளில் ஒருவரே ஒரு விலங்கை முழுதாக வெட்டுவதில்லை. கொக்கியில் தொங்கியபடி நகர்ந்து வரும் உடலில் ஒரே வெட்டு. ஷிஃப்ட் முழுக்க அதே வெட்டுதான். இறைச்சி கெடாமலிருக்க அறையைக் குளிராக வைத்திருப்பார்கள். குளிரில் விரல் மரத்தால் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கத்தி மழுங்கினால் இன்னும் அழுத்த வேண்டும். மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும் தோள்மூட்டு தேய்வதும் இப்படித்தான். வேகம் தொழிலாளியின் கையில் இல்லை, சங்கிலியின் கையில் இருக்கிறது. அமெரிக்கக் கோழி ஆலைகளில், உள்ளுறுப்புகளை நீக்கும் வரிசையில் நிமிடத்துக்கு 140 கோழிகள் வரை ஓட விதி இடம் கொடுக்கிறது. விலக்கு பெற்ற ஆலைகளில் 175 வரை. அந்த வேகத்தில் ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அவர் இடத்தில் நிற்க மாற்றாள் வேண்டும். மாற்றாள் வைக்காத ஆலைகளில் தொழிலாளர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதையும், சிலர் டயப்பர் அணிந்து வேலைக்கு வருவதையும் ஆக்ஸ்ஃபாம் அமெரிக்கா 2016-இல் வெளிக்கொணர்ந்தது. அந்நாட்டு இறைச்சி ஆலைகளின் நிலைமை மனித உரிமை மீறல் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2005-லேயே எழுதிவிட்டது.

கொரோனா காலம் இதை இன்னும் பளிச்சென்று காட்டியது. 2020 ஜூனில் ஜெர்மனியின் ஒரு இறைச்சி ஆலையில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. குளிர்ந்த காற்றையே சுழலவிடும் கூடம், தோளோடு தோள் உரசும் நிற்குமிடம், இயந்திர இரைச்சலில் கத்திப் பேச வேண்டிய கட்டாயம் என்று நோய் பரவ வேண்டிய எல்லாம் உள்ளேயே இருந்தன. ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த நெரிசலான தங்குமிடம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இடைத்தரகர் வழியாக வந்த வெளிநாட்டினர். அதன் பிறகுதான், 2021 முதல், விலங்குகளை வெட்டுவதிலும் பதப்படுத்துவதிலும் துணை ஒப்பந்த முறையை ஜெர்மனி தடை செய்தது. இத்தனை பேர் நோயில் விழுந்த பிறகுதான் சட்டம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மீனைப் பற்றி யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. "இறைச்சியை விட்டுவிட்டேன், மீன் மட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. தொழிலாளர் கண்ணோட்டத்தில் பார்த்தால் மிகமோசமான கண்ணி அங்கேதான் இருக்கிறது. ஆழ்கடல் கப்பல் மாதக்கணக்கில் கரைக்கு வராது. பிடித்த மீனை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி, எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொள்ளும். கரையைத் தொடாத கப்பலை எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டு கப்பல் தலைவனிடம், முன்பணம் கடனாக ஏறும், சம்பளம் பயண முடிவில். ஓடிப்போக இடமில்லை. 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பென்ஜினா தீவில் அடைத்துவைக்கப்பட்டிருந்த மீனவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து 2,000-க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். மீன்பிடிக் கப்பல்களில் குறைந்தது 1,28,000 பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் மதிப்பிட்டது. அதே அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை, மூன்று நாளுக்கு மேல் கடலில் இருக்கும் கப்பல்களில் 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்கிறது. 2007-இல் எழுதப்பட்ட அது நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று. பண்ணை இறாலை வாங்கினால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இறாலுக்கான தீவனத்தில் மீன்தூள் உண்டு, அந்த மீனைப் பிடித்தது எந்தக் கப்பல் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

நிலத்தின் கதையில் இரு பக்கக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, உலக வேளாண் நிலத்தில் சுமார் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் விலங்குப் பொருள்கள் (பண்ணை மீனும் இதில் சேர்த்தி) நமக்குத் தருவது 18 சதவீதக் கலோரியும் 37 சதவீதப் புரதமும்தான். மறுபக்கம், கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் மனிதர் உண்ண முடியாத புல், வைக்கோல், பிண்ணாக்கு வகை என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். ஆகவே "மாட்டுக்குப் போடும் தானியத்தைக் கொடுத்தால் பசியே ஒழியும்" என்ற வீகன் பிரச்சாரத்தை அப்படியே ஏற்க முடியாது. வறண்ட நிலத்தில் வேறெதுவும் விளையாத இடத்து மேய்ச்சல்காரரைக் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்குவது வேறு விஷயம். பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஒரு மாட்டுப்பண்ணையில் அடிமைகள் போல வைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களுக்காக, பிரேசில் அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஆள் நடமாட்டமற்ற தொலைதூரப் பண்ணை, கடனைக் காட்டிப் பிடித்துவைத்தல், ஆயுதம் ஏந்திய காவல்: கடலில் கண்ட அதே ஏற்பாடு.

இனி வீகன் பக்கத்துக் குறைகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் விளம்பரம்.

வீகன் சீஸ், கிரீம் பலவற்றுக்கு அடிப்படை முந்திரி. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனாகார்டிக் அமிலமும் கார்டோலும் உண்டு. தோலில் பட்டால் புண்ணாகும். கையுறை கொடுக்காத ஆலைகள் உண்டு. கொடுத்தாலும், துண்டுக்கணக்கில் கூலி என்றால் தொழிலாளி அதைக் கழற்றிவிடுவார், ஏனென்றால் கையுறையோடு பருப்பைப் பிரிக்க நேரம் அதிகம் பிடிக்கும், கூலி குறையும். எனவே "கையுறை தருகிறீர்களா" என்று நிறுவனத்தைக் கேட்டால் போதாது. கூலி நாள்கணக்கா, துண்டுக்கணக்கா என்று கேட்க வேண்டும். டார்க் சாக்லேட்டில் பால் இல்லை என்பதும் பாதி விடைதான். கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளின் கோகோ பகுதிகளில் சுமார் 15.6 லட்சம் சிறார் கோகோ வேலையில் இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. "நிலையான", "நெறிசார்ந்த" போன்ற பொதுச் சொற்களை நம்பாமல், எந்தக் கூட்டுறவிடமிருந்து வாங்குகிறார்கள், விவசாயிக்குச் சந்தை விலைக்கு மேல் எவ்வளவு தருகிறார்கள் என்று வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியிடாதவர்களிடம் பெரும்பாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

விலங்குத் தோலில் செய்த பை விஷயமும் அப்படியே. குரோமியம் கொண்டு பதனிடும்போது பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். வெப்பமும் காரத்தன்மையும் அதிகமானால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். அது புற்றுநோய் உண்டாக்குவது. உடலில் படும் தோல்பொருள்களில் அதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதித்திருக்கிறது. அந்த விதி பையை மாட்டிக்கொள்பவரைக் காக்கிறது, பதனிடும் தொட்டிக்குள் இறங்குபவரை அல்ல. மாற்றாக வரும் பாலியூரித்தேன் 'வீகன் லெதர்' தயாரிப்பில் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் பரவலாகப் பயன்படுகிறது. மூச்சிலும் தோலிலும் ஏறி ஈரலைக் கெடுக்கும். நீர்சார் பாலியூரித்தேன் என்று குறிப்பிட்டிருந்தால் அது மேல். துணிப்பை இன்னும் மேல்.

உடல்நலத்துக்கு வருவோம். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. கெட்ட கொழுப்பு குறைவதும், இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பு குறைவதும் வீகன்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவன. ஆனால் ரத்தத்துக்கும் நரம்புக்கும் தேவையான வைட்டமின் பி12 விஷயத்தில் சமரசமே கிடையாது. செடி உணவில் நம்பத்தக்க பி12 இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகலாம். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறையும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். பாதத்தில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம் வந்தபின் கண்டுபிடித்தால் முழுதாக மீளாமல் போகலாம்.

அளவு எளிது: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பார்கள். குடலில் பி12-ஐ ஏற்றுச்செல்லும் புரதம் ஒரு வேளைக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம்தான் சுமக்கும். மீதியில் ஏறத்தாழ ஒரு சதவீதமே தானாகக் கசிந்து உள்ளே போகும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குறை இன்னும் விரைவாக வரும். பரிசோதனையில் ரத்த பி12 அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலமும் (பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இரும்புச்சத்துள்ள உணவோடு எலுமிச்சையோ கொய்யாவோ இருக்கட்டும், தேநீரும் காபியும் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். பசலைக்கீரையைச் சுண்ணாம்புச்சத்துக்கு நம்ப வேண்டாம். கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அந்தச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலில் சேர்வது 5 சதவீத அளவே. சுண்ணாம்புச்சத்து சேர்த்த தாவரப் பாலைக் குடிக்குமுன் குலுக்க வேண்டும், அது அடியில் படிந்துவிடும். 2020-இல் வந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வில் வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இறைச்சி உண்பவர்களைவிட சுமார் 2.3 மடங்கு அதிகமாக இருந்தது. சுண்ணாம்புச்சத்து, புரதம், உடல் எடை மூன்றையும் கவனிக்காமல் விடுவது அதற்கு ஒரு பகுதிக் காரணம். அயோடின் சேர்க்காத கல்லுப்பையும் பாறை உப்பையும் மட்டும் நம்பும் வீகனுக்குப் போதிய அயோடின் கிடைக்காமல் போகலாம். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால், இல்லையேல் குழந்தைகளுக்கென்றே தயாரித்த சோயா ஃபார்முலா. பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் அந்த வயதில் கூடவே கூடாது. பாலூட்டும் தாய் பி12 எடுக்காவிட்டால் பாதிப்பு முதலில் குழந்தையிடம்தான் தெரியும்.

பொது நிறுவனங்களில் இது நேரடி உரிமைப் பிரச்சினை. கைதியும் நோயாளியும் விடுதி மாணவரும் கடைக்குப் போய் வேறு உணவு வாங்க முடியாது. உலகின் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. அவர்களுக்கும் பால் இல்லாத உணவு தேவை. போலந்துச் சிறையில் இறைச்சியற்ற உணவு மறுக்கப்பட்ட பௌத்தக் கைதிக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் நியாயம் வழங்கியது. போர்ச்சுகல் 2017-இல் பொதுக் கேன்டீன்கள் எல்லாவற்றிலும் ஒரு வீகன் உணவு இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. நெறிசார்ந்த வீகன் நம்பிக்கை பணியிடப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு பெறும் என்று பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் 2020-இல் சொன்னது.

சட்டம் வந்தாலும் சமையலறையில் கெடுவது வேறு காரணங்களால். இறைச்சியை எடுத்துவிட்டு மீதியைப் பரிமாறினால் அதற்கு வீகன் உணவு என்று பெயர் வைக்க முடியாது. அது பட்டினியின் மரியாதையான வடிவம். வேளைக்கு 15 முதல் 20 கிராம் புரதம் வேண்டும். உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் இருப்பதால், தலைக்கு 70 கிராமாவது அடுப்பில் ஏற வேண்டும். பெரிய பீன்ஸ்களை, குறிப்பாக ராஜ்மாவை, 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சிறுதீயில் மெல்ல வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பழியோ வீகன் உணவின் மேல் விழும். கரண்டி தனியாக இருக்க வேண்டும். சூப் பொடியிலும் சாஸிலும் மீன், பால்தூள், ஜெலட்டின் இருக்கிறதா என்று லேபிளைப் படிக்கும் வேலையை ஒருவர் பெயரில் ஒப்படைக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒருவர் என்ன உண்கிறார் என்பதை வைத்து அவரைத் தாழ்த்துவதும், வீடு மறுப்பதும், கேன்டீனில் தனி மேசைக்கு அனுப்புவதும் மனித உரிமை மீறல். அதற்கு வீகன் கொள்கையைத் துணைக்கு அழைப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தாமாகத் தேர்ந்தெடுப்பது வேறு, பிறர் தட்டில் தடை போடுவது வேறு. இறைச்சி ஆலைகள் சுருங்கினால் வேலை இழப்பவர்களுக்கு மறுபயிற்சியும் இழப்பீடும் யார் தருவது என்பதற்கும் வீகன் இயக்கங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். தொழிலாளரின் பெயரால் பேசிவிட்டு அவரை வீதியில் விட முடியாது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வீகன் சமையல் குறிப்பு வெளியிடும்போதெல்லாம் கீழே பி12 அளவை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். முந்திரியோ சாக்லேட்டோ தேவைப்படும் குறிப்பு என்றால், அதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியை இன்னொரு வரியில் சேர்க்கலாம். இரண்டு வரிக்கு இடம் கிடைக்காமல் போகாது.

இப்படிக்கு,
சத்துணவு, தொழிலாளர் நலப் பணியில் உள்ள வாசகர்கள்