யு.பி.எஸ். பழசானால் தூக்கிப் போட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினிக்கு யு.பி.எஸ். (மின்சாரம் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் பெட்டி) வாங்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக வாங்குபவர்களுக்குப் பயன்படும். ஆனால் நான்கைந்து வருடம் ஆன யு.பி.எஸ்.ஸை மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. அத்தனை வருடத்தில் ஓய்ந்துபோவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரிதான். மின்சுற்று அதற்கப்புறமும் நெடுநாள் உழைக்கும்.

வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மேசைக்குக் கீழே இருப்பது 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், அதன் திறனைச் சொல்லும் அளவு) யு.பி.எஸ்.; தம்பி மகன் வேலை செய்யும் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. கொண்டுவந்து வைத்தவனே, "இதோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க அத்தை, புதுசே வாங்கிடலாம்" என்றான். பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னேன். இன்றுவரை அதில்தான் வேலை நடக்கிறது.

இந்த அளவு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) மூடிய ஈய-அமில பேட்டரி இருக்கும். பழைய பேட்டரியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, வயர் செருகும் தகட்டின் அகலம். 4.8 மில்லிமீட்டரிலும் வரும், 6.3 மில்லிமீட்டரிலும் வரும். இரண்டு பேட்டரி உள்ள மாடல் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் நெம்பி எடுக்கவே கூடாது, தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஈயம் என்பதால் வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. அப்புறம், வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கணினியின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் யு.பி.எஸ்.ஸை ஒட்டி வைத்துவிட்டு பேட்டரியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

600 வி.ஏ. என்றால் 600 வாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ரகத்தில் பல 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே வேண்டாம். அதன் சூடேற்றும் பகுதி ஒரே இழுப்பில் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். எவ்வளவு நேரம் ஓடும் என்றால், 12ஐ 7ஆல் பெருக்க 84 வாட்-மணி. ஆனால் அந்த 7 என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் கணக்கு. கணினியும் திரையுமாக 150 வாட் இழுத்தால் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. கோப்புகளைச் சேமித்துக் கணினியை மூட அது தாராளம்.

ஆனால் மூடுவதற்கு யாராவது அங்கே இருக்க வேண்டுமே! கட்டுரையில் சொல்லாமல் விட்டது இதைத்தான். யு.பி.எஸ்.ஸின் பின்புறம் தகவல் கேபிளுக்கு ஒரு துளை இருக்கும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அது காலியாகவே கிடக்கிறது. ஆள் இல்லாத அறையில் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தி, பேட்டரி தீர்ந்ததும் அடங்கிவிடும். திறந்திருந்த கணக்கு அப்படியே அறுபடும். கேபிளைப் போட்டு அதற்கான மென்பொருளையும் அமைத்துவிட்டால் கணினி தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

யு.எஸ்.பி. உள்ளதென்றால் சிக்கல் குறைவு. அவற்றில் பலவற்றை விண்டோஸ் மடிக்கணினியின் பேட்டரி போலவே அடையாளம் கண்டுகொள்ளும். எங்களுடையது அதற்கும் முந்தையது, பழைய கணினிகளில் இருந்த ஒன்பது ஊசி சீரியல் போர்ட். கையில் கிடைக்கும் சாதாரண சீரியல் கேபிளை அதில் செருகிவிடக் கூடாது. ஊசிகளின் இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில மாடல்களில் தவறான கேபிள் பட்டதுமே யு.பி.எஸ். மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நெட்வொர்க் கேபிள் துளையைப் போலவே இருக்கும் மாடல்களும் உண்டு, அவற்றுக்கும் தனிக் கேபிள்தான். மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பொருத்தமான கேபிளை வாங்கினோம். கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் நடுவில் ஒரு யு.எஸ்.பி. மாற்றி.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் யு.பி.எஸ்.ஸுக்கென்றே ஓர் அமைப்புப் பக்கம் இருந்தது. அதற்கடுத்து வந்த விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பழைய மென்பொருள் இன்றைய விண்டோஸில் ஓடும் என்ற உறுதியும் இல்லை. விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு நான் மாறியவள் என்பதால், 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. பழைய மாடல்கள் ஏராளமாக அதில் இடம்பெற்றிருக்கின்றன. எந்த மென்பொருளானாலும், பேட்டரி குறைந்ததும் கணினி முழுதாக மூடும்படி அமையுங்கள். உறக்க நிலை போதாது, அதற்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்.

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகு, முதலில் ஒரு மேசை விளக்கைச் செருகிச் சோதிப்பது நல்லது. மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும். ஆகவே சுவரில் சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள்.

பழையது எல்லாமே தேறும் என்று நான் சொல்ல வரவில்லை. பேட்டரியில் ஓடும்போது மலிவான பழைய யு.பி.எஸ்.களிலிருந்து வரும் மின்சாரம், சுவரில் வருவது போல வழுவழுப்பான அலையாக இல்லாமல், படிப்படியான அலையாக இருக்கும். புதிய கணினிகளின் சில பவர் சப்ளைகள் அதை ஏற்காமல், மின்சாரம் மாறும் நொடியிலேயே அணைந்துவிடும். அங்கே பேட்டரியை மாற்றியும் பயனில்லை, அந்த யு.பி.எஸ்.ஸை இணைய ரவுட்டருக்கு வைத்துக்கொள்ளலாம், மணிக்கணக்கில் ஓடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய மாடல்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, தகவல் கேபிள் பெட்டியோடு வருகிறதா என்பதற்கும் இரண்டு கட்டங்கள் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகி ஒருத்தி