தூளி ஆட்டினாலும் நடைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடையையும் உறக்கத்தையும் கணக்கிடும் உடற்பயிற்சிக் கைப்பட்டை ஒன்றை மகள் வாங்கித் தந்தாள்; அதை 8 மாதங்களாகக் கட்டியிருக்கிறேன். உட்கார்ந்தபடி பேரனின் தூளியை அரை மணி நேரம் ஆட்டினால், 600 காலடி நடந்ததாகப் பாராட்டுகிறது. தூக்கம் வராமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தால் ‘இலேசான உறக்கம்’ என்கிறது. அது மூளை அலைகளையா பார்க்கிறது? கையின் அசைவையும், தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி அறியும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த அளவல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானிக்கு ‘மான்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் ஒட்டிக்கொண்டது. அதை எட்டுவதற்காக என் நண்பர் இரவு 11 மணிக்கு மொட்டை மாடியைச் சுற்றுகிறார், முழங்கால் வலியோடு.

கருவியைக் குறை சொல்லவில்லை. சோம்பேறியான என்னைக் காலையில் நடக்க வைத்தது அதுதான். ஆனால், ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று விற்கப்படும் கடிகாரங்களைக் கண்டால்தான் பயம். அப்படிப்பட்ட கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்பவர் கதி என்ன? இத்தகைய விளம்பரங்களை வெளியிடும் முன் நாளிதழ்கள் ஒருமுறை விசாரிக்கலாம், தங்கள் நாளிதழ் உட்பட.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்