ஊசி நீடிப்பது சரி, நிவாரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் உடல்நலப் பக்கத்தில், மூட்டுத் தேய்மானத்துக்கு நீண்ட நாள் நீடிக்கும் மசகு ஊசி வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். “கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டதுபோல முழங்கால் ஓசையின்றி மடங்கும்” என்று அதில் ஒரு வரி. எழுதியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன். அவர் முழங்கால் நூறாண்டு வாழ்க.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பிலும் சேற்றிலும் நடந்த கால் இது. ஊசி என்றால் எனக்குப் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது.

உங்கள் கட்டுரையைப் படித்தால், நேற்றுத்தான் யாருக்கோ தோன்றிய யோசனை போல இருக்கிறது. தாங்கள் அறியாததல்ல, ஹயலூரானிக் அமில ஜெல் என்ற மசகு ஊசியை 1970-களிலேயே பந்தயக் குதிரைகளுக்குப் போட்டார்கள். மனிதர்களுக்குப் போட அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. சில வகைகளைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத என் பக்கத்து வீட்டு அம்மாவும் போட்டுக்கொண்டார். எதிலிருந்து எடுத்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நீடிக்க வைக்கும் முயற்சியும் பழசுதான். மூட்டுத் திரவத்தில் இயல்பாக இருக்கும் அந்த ஹயலூரானிக் அமிலத்தை அப்படியே செலுத்தினால் ஓரிரு நாளில் உடல் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் அதன் மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கினார்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி என்றிருந்தது, 2009-இல் ஆறு மில்லி ஒரே ஊசியாக வந்தது. சரி, வலி போனதா? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2022-இல் 169 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாமல் போடும் போலி ஊசியைவிட இதில் கிடைக்கும் கூடுதல் நிவாரணம் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை, பக்கவிளைவுதான் கூடுதல் என்று முடிவு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டும் நைஸ் அமைப்பு, இந்த ஊசியைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

எனக்கும் போட்டார்கள். தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டி, “கிரீஸ் காலிம்மா” என்றார் டாக்டர். ஒரு மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அந்த ஒரு ஊசிக்கே போயிற்று. சில வாரம் சுகமாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். திரும்பப் போனபோது, “மருந்து தீர்ந்துபோச்சு, இன்னொண்ணு போட்டுக்கலாம்” என்றார். தீர்ந்துபோனதா, வேலையே செய்யவில்லையா என்று கேட்டேன். அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

மூட்டில் தேய்கிற குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலிப்பது அடியிலுள்ள எலும்பும், வீங்கிய மூட்டுச் சவ்வும், சுற்றியுள்ள தசையும். உரசலைக் குறைத்தாலே வலி தீர்ந்துவிடும் என்று யார் உறுதி சொன்னது? ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இஸ்ரேலில் வைஸ்மான் ஆராய்ச்சி நிறுவனத்தில், நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளை வைத்து உரசலை எவ்வளவோ குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதே போன்ற குமிழி ஊசி ஒன்றுக்கு நம் சன் பார்மா மருந்து நிறுவனம் 2016-இல் உரிமம் வாங்கியது. நல்லபடியாக வரட்டும். வந்த பிறகும், எத்தனை மாதம் உள்ளே தங்குகிறது என்பதோடு, போலி ஊசி போட்டவரைவிட எத்தனை படி கூடுதலாக ஏற முடிகிறது என்றும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்காலில், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டு இரண்டு வருடம் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. உப்புநீர் போட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. அதையும் நீங்கள் போட்டதாக நினைவில்லை.

எப்படி நினைவிருக்கும்? கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் முழுக்க மூட்டு மருத்துவமனை விளம்பரம். செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017-இல் விலை வரம்பு வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். மருத்துவமனைகள் மற்ற கட்டணங்களில் என்ன செய்கின்றன என்று எழுதச் சொல்லிக் கடிதம் போட்டேன், வரவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, நல்லதுதான், ஆனால் அந்த முதல் படியில் காலை வைக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும் என்று எழுதினேன், அதுவும் வரவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட நான் போகும் கருவூலம் மாடியில். ஏறி வந்ததே சான்று என்று எடுத்துக்கொள்கிறார்களோ என்னவோ.

எனக்கு உதவியது எது தெரியுமா? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது. தொடைத் தசை இறுக இறுக வலி மட்டுப்பட்டது. பைசா செலவில்லை. அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லை, உங்கள் பக்கத்தில் இடமும் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. இனி இப்படிச் செய்தி போடும்போது, சோதித்தது எலியிலா ஆட்டிலா மனிதரிலா என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். முடிந்தால் அந்தத் தொடைப் பயிற்சிகளைப் படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இடமில்லை என்று கடிதத்தைச் சுருக்குவீர்கள், தெரியும். கருவூலத்தை வெட்டிக்கொள்ளுங்கள், பேருந்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டு ஆய்வில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மன்னார்குடி