பர்கண்டிக்கு மலைச் சைக்கிளோடு வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சைக்கிள் நண்பர்களே,

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வண்டியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவருபவர்கள், பாரிஸ், லண்டன், சூரிச்சிலிருந்து நீண்ட வார இறுதிக்கு ரயில் பிடித்து வருபவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது பிரான்ஸின் ஒயின் பிரதேசமான பர்கண்டியின் தெற்கில், மாக்கோன் நகருக்குப் பக்கத்தில். நீங்கள் ஓட்ட ஆசைப்படும் குன்றுகளில்தான் நானும் ஓட்டுகிறேன். வாருங்கள், தாராளமாக வாருங்கள். கேட்பது ஒன்றுதான்: திராட்சை வரிசைகளுக்குள் வண்டியை விடாதீர்கள். ஊர்ப் பாதைகளில் மட்டும் ஓட்டுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "ஓரமாகத்தானே போனோம், என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்பவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர்.

முதலில் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல் திராட்சையை மறந்துவிடுங்கள். அங்கே கொடி தலைக்கு மேலே படரும், அடியில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இங்கே கொடி இடுப்பு உயரம்தான். வரிசைக்கு வரிசை இடைவெளி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், இரண்டு பக்கமும் கம்பி கட்டியிருக்கும். உங்கள் மவுண்டன் பைக் ஹேண்டில்பாரின் அகலம் 75 முதல் 80 சென்டிமீட்டர். மேடு பள்ளமான சரிவில் அதை ஆடாமல் கொண்டுபோகிறேன் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

போன மே மாதம் ஒரு குழு அப்படி ஒரு வரிசையில் இறங்கி வந்ததை நானே பார்த்தேன். கீழே வரிசை முடியும் இடத்தில் அந்தத் தோட்டத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. முறிந்து விழுந்த ஒரு இளந்தளிரை எடுத்து அவர்களிடம் நீட்டினார். விரல் கனம் கூட இல்லாத பச்சைத் தண்டு, அதில் பச்சை மிளகுச் சரம் போல இரண்டு பூங்கொத்துகள். அந்த இரண்டும் செப்டம்பரில் இரண்டு திராட்சைக் குலைகளாக இருந்திருக்கும். மே மாதத் தளிருக்கு அடியில் நார் இருக்காது, தோள் பட்டாலே கணுவோடு கழன்று வந்துவிடும். இந்த ஊரில் போன பருவத்துக் கம்பு ஒன்றை நீளமாக விட்டு, வளைத்து, கீழ்க் கம்பியில் கட்டுவது வழக்கம். அந்த ஒரே கம்பில்தான் வருடத்து விளைச்சலில் பெரும்பகுதி நிற்கிறது. குழுவில் ஒருவர் காசு எடுத்து நீட்டினார், அது இன்னும் மோசமாகப் போயிற்று.

தளிர் கூடப் பரவாயில்லை, அடுத்த வருடம் வரும். மண்தான் பெரிய விஷயம். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிசாகக் கிடக்கிற களிமண்தான் இங்கே ஒயினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கோடை இடிமழை ஒன்று வந்தால் அது சரிவில் இறங்கி ஓடிவிடும். ஓடிய மண்ணைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவது பழைய காலத்தில் குளிர்கால வேலையாகவே இருந்தது. இப்போதும் பலர் அதைச் செய்கிறார்கள், இயந்திரத்தால். மண்ணைப் பிடித்து வைக்க வரிசைக்கு நடுவே புல் விடுகிறார்கள், ஓரத்தில் டிராக்டர் திரும்பும் புல் கரையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் பிரேக்கை அழுத்திப் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டே நேராக இறங்குகிறீர்களே, அது அந்தப் புல்லைக் கிழித்து ஒரு வாய்க்கால் போட்டுவிடுகிறது. அடுத்த மழை அந்த வழியாகவே இறங்கும். மோட்டார் வைத்த மின்சைக்கிள்காரர்களும் சும்மா இல்லை, செங்குத்தான இடத்தில் மோட்டாரை முழு வேகத்தில் போட்டு ஏறும்போது சக்கரம் சுழன்று அதே வேலையைத்தான் செய்கிறது.

"ஆப்பில் பாதை காட்டியதே" என்பீர்கள். யாரோ ஒருவர் திராட்சைக்குள் இறங்குகிறார், பதிவைப் பகிர்கிறார், அதை இறக்கி இன்னும் நாலு பேர் ஓட்டுகிறார்கள், உடனே ஆப் அதைப் பிரபலமான பாதை என்று தடித்த கோடாகக் காட்டுகிறது. பாதை பிறப்பது இப்படித்தான், நிலத்துக்காரரை யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான பாதை 'ஷெமான் ரூரால்', பொதுமக்கள் போகலாம், வரலாம். பக்கத்து நிலங்களின் சொந்தக்காரர்கள் தங்கள் வேலைக்காகச் சேர்ந்து வைத்திருக்கும் பாதை வேறு, அதைப் பொதுமக்களுக்கு அவர்கள் மூடலாம். தரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், சரளையும் சக்கரத்தடமும். வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, தனியார் நிலம் என்று தெளிவாகக் குறித்து வைத்திருக்கும் கிராமப்புற இடத்தில் அனுமதியில்லாமல் நுழைவதே அபராதத்துக்குரிய குற்றம், அங்கேயே கட்டினால் 135 யூரோ. இந்தச் சட்டத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு, காட்டையெல்லாம் மூடி வைக்க இது சாக்காகிறது என்று இங்கே பலர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விவசாயியின் கொடிக்கு நடுவே நின்றுகொண்டு அந்த வாதத்தை எடுக்க முடியாது.

சரி, எங்கே ஓட்டுவது? ஒரு முக்கோணமும் அதன் கீழ் இரண்டு வட்டமும் போட்ட சின்னப் பலகையைத் தேடுங்கள். அதுதான் மலைச் சைக்கிள் பாதையின் குறி. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தை வைத்துக் கடினம் தெரிந்துகொள்ளலாம். பலகை இல்லாத இடத்தில் ஊரை ஊரோடு இணைக்கும் பழைய வண்டித்தடங்கள், காட்டு ஓரப் பாதைகள், கற்சுவர்களுக்கு நடுவே போகும் சந்துகள் இருக்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், வரிசைக்குள் இறங்குவதைவிட இவைதான் ஓட்டச் சுவையானவை. கல் புரளும், வேர் குறுக்கே வரும், திடீரென்று கியர் போதாமல் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஷார்டனே திராட்சை வரிசைக்குள் இதில் ஒன்றும் கிடையாது, வெறும் நேர்கோட்டுச் சரிவு.

சொலுத்ரே பாறையிலிருந்து தொடங்குங்கள். 493 மீட்டர் உயரம், உச்சி கப்பல் மூக்கு மாதிரி மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளி வெர்ஜிசோன் பாறை, அதே வார்ப்பு. இந்த இரண்டு பாறைகளின் அடிவாரத்தில்தான் புயீ-ஃபுயிசே ஒயினின் திராட்சை விளைகிறது. 2020இல் அதன் 22 நிலத்துண்டுகளுக்கு முதல்தரத் தகுதி கிடைத்தது, அதிலிருந்து விலையும் ஏறிவிட்டது, எல்லைகளைப் பற்றிய பதற்றமும்தான். வண்டியைக் கீழேயே பூட்டிவிட்டு உச்சிக்கு நடந்தே ஏறுங்கள். வார இறுதியில் அங்கே குழந்தைகளோடு வரும் கூட்டம் அப்படி. மித்தரான் பிரெஞ்சு ஜனாதிபதியாக இருந்தபோது வருடா வருடம் பெந்தகொஸ்தே நாளில் பரிவாரத்தோடு இங்கே ஏறுவார், பின்னாலேயே கேமராக்களும் ஏறும்.

பாறையின் அடியில் 1866இல் தோண்டத் தொடங்கியபோது குதிரை எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கற்கால வேட்டைக்காரர்கள் குதிரைக் கூட்டத்தை உச்சிக்கு விரட்டி அங்கிருந்து தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. தோண்டியவர்களில் ஒருவரான அத்ரியான் அர்ஸ்லேன் எழுதிய நாவலிலிருந்து வந்த கதை அது. எலும்புகள் கிடந்த இடம் செங்குத்துக்கு நேர் கீழே இல்லை, அதனால் ஆய்வாளர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். இடம்பெயரும் கூட்டங்களை அடிவாரத்தில் மடக்கி வேட்டையாடியிருக்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து. ஆனாலும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உச்சியில் நின்று அந்தக் கதையை அப்படியே சொல்லிக்கொண்டிருப்பார், கீழே இருக்கிற அருங்காட்சியகத்துக்குள் போகாத ஆள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இலை வடிவத்தில் மெல்லிசாகச் செதுக்கிய கல் முனைகளை அங்கே பாருங்கள். ஒரு கற்காலப் பண்பாட்டுக்கே இந்தக் குக்கிராமத்தின் பெயர் வைத்திருப்பது ஏன் என்று புரியும்.

அங்கிருந்து வடக்கே, பெர்ஸே-லா-வீல். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், பரவாயில்லை. அங்கே துறவிகளின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது, வெளியே பார்த்தால் தானியக் கிடங்கு என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம், நீலப் பின்னணியில் அமர்ந்திருக்கும் கிறிஸ்து, சுற்றிலும் அப்போஸ்தலர்கள். பல காலம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்து 1887இல்தான் வெளியே வந்தது. சேற்றுக் காலணியோடு உள்ளே போகாதீர்கள், இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. பக்கத்து ஊர் மிலி, கவிஞர் லமார்த்தின் வளர்ந்த இடம். 1848 புரட்சியில் நாட்டையே நடத்தியவர், திராட்சைத் தோட்டங்கள் வைத்திருந்தவர், கடைசியில் கடன் கழுத்தை நெரிக்க அந்த வீட்டை விற்றார். ஒயின் வியாபாரத்தில் பணம் கொட்டுகிறது என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

அடுத்து க்ளூனி. மலைமேல் சுற்றிப் போகலாம், முடியாதவர்கள் பச்சைத் தடத்தைப் பிடிக்கலாம். பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது, க்ளூனிக்கும் ஷிவ்ரிக்கும் நடுவிலான துண்டு 1997இல் திறந்தது, பிரான்ஸில் இந்த வகையில் அதுதான் முதல். மாக்கோன் பக்கமிருந்து வந்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம் ஒன்றில் நுழைய வேண்டும், ஜூலை வெயிலிலும் உள்ளே குளிர் நடுக்கும், ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிடுவார்கள், அப்போது கணவாயில் ஏறித்தான் போக வேண்டும்.

910இல் அக்கித்தேன் பிரபு வில்லியம் தானமாகக் கொடுத்த இடத்தில் எழுந்த மடம் க்ளூனி. 1088இல் தொடங்கிய மூன்றாவது ஆலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புதிய புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரியது இல்லை. போய்ப் பார்த்தால் அதைக் காணோம். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து வியாபாரம் செய்தார்கள், 1823 வரை இடித்தார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, நிற்பது சிலுவை வடிவ ஆலயத்தின் குறுக்குக் கையில் ஒரு பக்கமும் அதன்மேல் கோபுரமும்தான். முன்வாசல் தூண்களின் அடிப்பாகத்தில் நின்று, தூரத்தில் தெரியும் அந்தக் கோபுரம்வரை கண்ணால் அளந்து பாருங்கள், நடுவில் இருப்பது முழுக்க ஆலயமாக இருந்த இடம். இதற்காகவாவது அன்றைக்கு இருபது கிலோமீட்டர் குறைவாக ஓட்டுங்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு, நூறு என்று திட்டம் போட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

ஒயின் சுவைப்பது பற்றி. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்கிற ஆல்கஹால் வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. போலீஸை விடுங்கள், நாலு கிண்ணம் உள்ளே போனபிறகு சரளைச் சரிவில் பிரேக் பிடிக்கிற கை உங்கள் பேச்சைக் கேட்காது. வாயில் வைத்துச் சுழற்றித் துப்புங்கள், அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சின்னப் பண்ணைகளில் வீட்டு ஆட்களே எல்லா வேலையும் பார்க்கிறார்கள், முன்கூட்டியே ஃபோன் போடுங்கள், பத்துப் பேர் போய் ஓசியில் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். பையில் ஒரு பாட்டிலுக்கு இடம் இல்லாத சைக்கிள் பயணம் எது?

இன்னும் இரண்டு விஷயம். வசந்தம் முதல் கோடை நடுப்பகுதிவரை மருந்தடிக்கும் காலம். மருந்தைப் பொறுத்து 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை தோட்டத்து வேலையாட்களே உள்ளே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. இலையில் நீலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது தாமிரம். டிராக்டர் தெளித்துக்கொண்டு வருவதைக் கண்டால் நின்று, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து விலகுங்கள். அப்புறம் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை காடுகளில் வேட்டை நடக்கும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

எப்போது வருவது என்று கேட்டால், நான் ஜூன் என்பேன், இல்லையென்றால் அக்டோபர். அறுவடை இப்போதெல்லாம் சில வருடங்களில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது, அந்த வாரங்களில் பாதை முழுக்க திராட்சை ஏற்றிய டிராக்டர்கள், தங்குமிடமெல்லாம் பறிக்க வந்தவர்கள், பண்ணையில் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. லியோனிலிருந்து மாக்கோனுக்குப் பிராந்திய ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, வண்டியைக் கழற்றாமல் ஏற்றலாம். அதிவேக ரயில் என்றால் பெரும்பாலும் கழற்றிப் பையில் போட வேண்டியிருக்கும், சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் ஒன்றாக வருவதென்றால் ஒரே ரயிலில் எல்லாச் சைக்கிளையும் மாட்டக் கொக்கி கிடைக்காது, இரண்டாகப் பிரிந்து வாருங்கள்.