"சரி" என்றவரையும் சோதியுங்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு இருதுருவ மனநோய்; சில காலம் மனம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் சோர்ந்துவிடும். இதுவரை மூன்று முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறான். முதல் முறை சேர்த்த இரவில் ஒப்புதல் படிவத்தை அவன் முன்னால் வைத்தார்கள். பேனாவை வாங்கி, ஒரு வரியும் படிக்காமல், காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டான். "நன்றாக ஒத்துழைக்கிறார்" என்றார் பணியில் இருந்த மருத்துவர். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஐந்து வாரம் கழித்து, தெளிந்த பிறகு, அன்று எதில் கையெழுத்திட்டாய் என்று கேட்டேன். "என்னை வீட்டுக்கு அனுப்புவதற்கான தாள் என்று நினைத்தேன், அக்கா" என்றான்.

இரண்டாம் முறை அவன் ஊசி வேண்டாம் என்றான். உடனே மூத்த மருத்துவர் வந்தார். கால் மணி நேரம் கேள்வி கேட்டார். முடிவெடுக்கும் திறன் அவனுக்கு இருக்கிறதா என்று ஆராய்ந்து குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் முறை அவன் "சரி" என்றபோது அதில் கால் பங்குகூட நடக்கவில்லையே! மறுத்தால்தான் சோதனை, தலையாட்டினால் தேவையில்லை என்றால், ஒருவர் உங்களோடு ஒத்துப்போகிறாரா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அதற்குத் திறன் என்று பெயர் வைக்கிறீர்கள்.

1981இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நெடுஞ்சாலையோரம் காயங்களோடு அலைந்த ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். தாம் சொர்க்கத்தில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். தாமாக விரும்பிச் சேர்வதாகச் சொல்லும் படிவங்களில் அவரிடம் கையெழுத்து வாங்கி, ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். புரிந்துகொள்ள முடியாத நிலையில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த மருத்துவமனையினர்மீது வழக்கு நடத்த அவருக்கு உரிமை உண்டு என்று 1990இல் தீர்ப்பு வந்தது.

1993இல் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். மனச்சிதைவு நோயுள்ள 68 வயதுக்காரருக்குக் காலில் தசை அழுகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம்தான் என்றார் அறுவை மருத்துவர். நோயாளி மறுத்தார். தாம் பல நாடுகளில் பெயர்பெற்ற மருத்துவர் என்ற மருட்சியும், அதாவது நோயால் வந்த பொய்யான நம்பிக்கையும், அவருக்கு இருந்தது. ஆனாலும் தம் காலைப் பற்றிச் சொல்லப்பட்டதை அவர் புரிந்துகொண்டு, நம்பி, எடைபோட்டிருக்கிறார் என்று கண்ட நீதிமன்றம் அவருடைய மறுப்பை ஏற்றது. காலோடு உயிர் பிழைத்தார்.

மருட்சி உள்ளவர் தெளிவாக மறுக்கவும் கூடும், ஒன்றும் புரியாமல் ஒப்புக்கொள்ளவும் கூடும். சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை அளந்த, 1995இல் வெளிவந்த அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஆய்வில், மருத்துவமனையில் இருந்த மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் எல்லாச் சோதனைகளிலும் போதிய திறனைக் காட்டினார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர். ஆகவே நோயின் பெயரை வைத்து யாரையும் ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என்ன கேட்பது என்பதை உங்கள் துறையே வகுத்திருக்கிறது. சொன்னதைப் புரிந்துகொள்வது, அது தமக்குப் பொருந்தும் என்று உணர்வது, நன்மை தீமைகளை எடைபோடுவது, முடிவைத் தெரிவிப்பது. அந்த முதல் இரவில் என் தம்பி கடைசியானதை மட்டும்தான் செய்தான். "இப்போது நான் சொன்னதை உங்கள் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று அவனிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அவசர இரவில் சிகிச்சையை நிறுத்தி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று அவனுக்கு மருந்து தேவைப்பட்டது. கொடுத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அவனுக்குத் திறன் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் பல நாடுகளின் சட்டங்கள் தரும் பாதுகாப்புகள், அதாவது மறுஆய்வு, அவனுக்காகப் பேசும் ஒருவர், மேல்முறையீடு போன்றவை, அவனை வந்தடையும். புரியாமல் இட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று கோப்பில் வைத்தால் அந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடுகின்றன.

மீண்டும் கேளுங்கள் என்பதும் என் வேண்டுகோள். திறன் வரும், போகும். ஊசி மயக்கத்தில் இல்லாதது மறுநாள் காலையில் இருக்கலாம். மாத்திரையைப் பற்றி முடிவெடுக்க முடிந்தவரால் மின்னதிர்வு சிகிச்சையைப் பற்றி எடுக்க முடியாமல் போகலாம். கேட்கும்போது எங்களை வெளியே அனுப்பிவிடுங்கள். என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவது அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

மூன்றாம் முறை, சேர்ந்த ஆறாம் நாள், ஓர் இளம் மருத்துவர் அதே படிவத்தோடு அவனிடம் திரும்பி வந்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். உள்ளே நடந்ததைப் பிறகு அவன்தான் சொன்னான். அவன் கடிகாரம் பழுதுபார்ப்பவன். இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை எடுத்தால் கை நடுங்குமா, நடுங்கினால் அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். பதிலைக் கேட்டு, யோசித்து, மருந்துக்குச் சம்மதித்திருக்கிறான். சிகிச்சை விவரங்களை என்னிடம் தெரிவிக்கலாம் என்ற இடத்தில் மட்டும் கையெழுத்திடவில்லை. அந்த மருத்துவர் அவனை வற்புறுத்தவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அன்புடன்,
ஒரு நோயாளியின் அக்கா