காண்டாவை இறக்கி வைத்தவருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இஜென் எரிமலையில் எங்களைக் காப்பாற்றியவர்களுக்கும் வணக்கம்.

கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் கூட்டாளியும் இந்தோனேசியா போயிருந்தோம். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மருந்து கையில் இருக்கிறது, மெதுவாக ஏறலாம் என்றான். சரி என்று கிளம்பினோம்.

பல்துடிங் அடிவாரத்திலிருந்து இரவு 2 மணிக்கு மேல் ஏற ஆரம்பித்தோம். எரிமலை வாயின் விளிம்புக்கு 3 கிலோமீட்டர். அங்கிருந்து பாறைகளில் கால் வைத்து உள்ளே இறங்கினால், கந்தக வாயு இருட்டில் நீலமாக எரிகிறது. குழாய்களின் வழியே கந்தகம் செக்கச்செவேலென்று ஒழுகி, ஆற ஆற மஞ்சளாகக் கட்டிப்படுகிறது. அந்தக் கட்டிகளை உடைத்து, இரண்டு மூங்கில் கூடைகளில் அடுக்கி, தோளில் காவடி போல் தூக்கிக்கொண்டு ஆட்கள் மேலே வருகிறார்கள். ஒரு நடைக்கு 70 முதல் 90 கிலோ. எனக்கு அப்பாவின் காண்டாதான், தோளில் பாரம் தூக்கும் அந்தக் கம்புதான், கண்ணில் வந்து நின்றது. ரப்பர் பால் வாளி இரண்டையும் தொங்கவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஸ்டோருக்கு நடப்பாரே, அதே நடை.

திரும்பி ஏறும்போது காற்று மாறியது. வெள்ளைப் புகை எங்களை மூடிக்கொண்டது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. கூட்டாளி மருந்தை இரண்டு முறை இழுத்தும் மூச்சு பிடிபடவில்லை, உட்கார்ந்துவிட்டான். உதடு நிறம் மாறுவதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

ஐயா, அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பாரத்தை இறக்கினீர்கள். உங்கள் முகமூடியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, நீங்கள் ஒரு ஈரத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டீர்கள். அவனைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப்போய், புகை விலகியதும் தோளில் சாய்த்துப் படிப்படியாக ஏற்றினீர்கள். "பெலான்-பெலான், மாஸ்", மெதுவாக, மெதுவாக அண்ணா, என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அந்த இரண்டு கூடையும் பாதி வழியில் கிடந்தன. பால் கொட்டிப்போன நாளில் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகள் நாங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விளிம்பில் சட்டையை உதறும்போது உங்கள் தோளைப் பார்த்தேன். எலும்புக்கு மேல் எலுமிச்சை அளவுக்குச் சதை காய்த்துப்போயிருந்தது. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

அங்கிருந்து தள்ளுவண்டியில் கூட்டாளியைக் கீழே கொண்டுவந்த மூன்று அண்ணன்மார்களுக்கு நன்றி. செங்குத்தான இடங்களில் பின்னால் கயிற்றைப் பிடித்துக் குதிகாலால் பிரேக் போட்டபடி வந்தார்கள். வண்டிக்கூலிக்கு மேல் கொடுத்த பணத்தை என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். அடிவாரச் சுகாதார நிலையத்தில் ஆவி மருந்து வைத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்ற தாதி அக்காவுக்கும், பான்யுவாங்கி நகரில் எங்களுக்கு அறை கொடுத்து இரண்டு நாளும் கஞ்சியும் இஞ்சித் தண்ணீரும் வைத்த இபுவுக்கும், அந்த அம்மாவுக்கும், நன்றி.

அப்புறம் நம் ஊர். கூட்டாளியின் அம்மா பதறாமல் பார்த்துக்கொண்டு, அவரை ரத்த அழுத்தச் சோதனைக்கும் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அத்தை, கேட்பதற்கு முன்பே டிக்கெட் மாற்றப் பணம் அனுப்பிய மளிகைக்கடை அண்ணன், நள்ளிரவில் விமான நிலையத்துக்கு அத்தனை தூரம் கார் ஓட்டி வந்த தம்பி, உங்களுக்கெல்லாம் எப்படிச் சொல்வது. கூட்டாளி இப்போது நலம். வேலைக்குப் போகிறான்.

அங்கே வாங்கிய கந்தகத் துண்டை அப்பாவிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இலை நோய்க்கு மரத்துக்கு அடிக்கிற தூளாச்சே" என்றார். ரப்பரை உறுதியாக்கி டயராக்கவும் கந்தகம்தான் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு எழும்புவார், எந்தத் தோளில் தூக்குவார்?

இந்த மடலை மலாயில் எழுதி, அறை கொடுத்த இபுவுக்கு அனுப்புகிறேன். உங்களைத் தேடிப் படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு பொட்டலம் வரும். அதில் இரண்டு போத்தல் கோடாலித் தைலம் இருக்கிறது. அப்பா கொடுத்தது. ராத்திரி படுக்கும்போது தோளில் சூடு பறக்கத் தேய்க்கச் சொன்னார்.